பின்காற்றில் பாய் சரியாக நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பின்காற்றுப் பாய்களில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பாயின் கோளாறே அல்ல. அந்தப் பாய்க்கு ஒத்துவராத கோணத்தில் படகை ஓட்டுவதால் வருபவை. கோணம் தப்பாக இருந்தால் கயிற்றை இழுத்தும் விட்டும் எவ்வளவு போராடினாலும் தீராது. கடைசியில் பாயைக் குறை சொல்லிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். அதிலும் தொல்லை வரும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் கோணத்தைப் பார்க்கச் சொல்கிறேன், அப்புறம் கயிறுகளை, கடைசியாகத்தான் பாயை மாற்றுவதை.

நான் மனதில் வைத்திருப்பது சுமார் 40 அடி நீளமுள்ள, இரண்டு மூன்று பேர் ஓட்டும் பயணப் படகு. கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் நவம்பரில் கிளம்பி, ஒரே திசையில் விடாமல் வீசும் வியாபாரக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரீபியனின் செயின்ட் லூசியா வரை ஏறக்குறைய 2,700 கடல் மைல் போகும் பயணம். 1986இல் தொடங்கிய, அட்லாண்டிக்கைக் கடக்கும் ஏஆர்சி என்ற கூட்டுப் பயணத்தில் இன்று படகுகள் போகும் வழி இதுதான். பின்காற்றுப் பாயைப் பற்றி எது தெரியாவிட்டாலும் இந்த வழியில் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் காற்று பின்னாலேயே இருக்கும்.

முதலில் எந்தக் காற்று என்று பாருங்கள்

கோணத்தை அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, அளக்கிறோம். நேர் எதிர்க்காற்று 0 டிகிரி, பக்கவாட்டுக் காற்று 90, நேர் பின்காற்று 180. நிஜக் காற்று வேறு, ஓடும் படகில் நம் முகத்தில் படும் காற்று வேறு. 12 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றை நேர் பின்னால் வைத்து 5 நாட் வேகத்தில் போனால் படகில் உணர்வது 7 நாட் மட்டுமே. அதே படகைப் பக்கவாட்டுக்குத் திருப்பினால் வேகம் ஆறரை நாட் ஆகும், உணரும் காற்று பதின்மூன்றரையைத் தாண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, காற்று மாறவே இல்லை, திரும்பியது படகு மட்டும், பாயின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு. 'திடீரென்று காற்று ஏறிவிட்டது' என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் நடந்தது இதுதான்.

பாய்களைப் பொறுத்தவரை, சிமெட்ரிக் ஸ்பின்னக்கர் இரண்டு பக்கமும் ஒரே வடிவம். பாய்மரத்திலிருந்து காற்றுப் பக்கமாக நீளும் போல் என்ற கழியில் அதன் ஒரு மூலை நிற்கும். நிஜக் காற்று 130 முதல் 180 வரை இருந்தால் அதற்கு இணை இல்லை. அசிமெட்ரிக்கை ஜென்னக்கர் என்றும் சொல்வார்கள். அதன் டேக், அதாவது முன் கீழ்மூலை, அணியத்திலோ அணியத்துக்கு முன்னால் நீளும் கழியிலோ நிற்கும். சுமார் 90 முதல் 150 வரை அதன் ராஜ்ஜியம். கோட் ஜீரோ இன்னும் தட்டையானது, முன் விளிம்பு நேராக இழுபட்டு நிற்கும். மெல்லிய காற்றில், பக்கவாட்டுக்கும் முன்னாலிருந்து காற்று வரும்போது உதவும். 1997–98 விட்பிரெட் உலகப் போட்டியில் பால் கேயார்டின் ஈஎஃப் லாங்குவேஜ் படகுதான் இதை உலகுக்குக் காட்டியது. பாயின் நடு அகலம் அடிவிளிம்பில் 75 சதவீதமாவது இருந்தால்தான் ஸ்பின்னக்கர் என்று விதி. அந்த எல்லையை ஒட்டி வெட்டி, ஜெனோவா என்ற பெரிய முன்பாயின் வேலையைச் செய்யும் ஒரு ஸ்பின்னக்கரை உண்டாக்கினார்கள். கடைசி வகை, எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிற ஜெனோவா. அதைப் போலில் விரித்து, பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் மெயின் பாயை எதிர்ப்பக்கம் விட்டு, இரண்டு சிறகாக ஓடலாம்.

அறிகுறி: அசிமெட்ரிக் பாய் அடிக்கடி சுருங்கி, மறுபடி 'டப்' என்று விரிகிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார். அந்த அதிர்ச்சி பாய்க்கும், பாயை மேலே ஏற்றும் ஹேலியார்ட் கயிற்றுக்கும், பாய்மர உச்சிக்கும் கேடு. உடனே கவனியுங்கள்.

நிஜக் காற்று 155, 160 என்று இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். மெயின் பாய் காற்றை மறைக்கிறது. அசிமெட்ரிக் பாய் அந்த நிழலுக்குள் நிற்கிறது. அணியத்தைப் பத்துப் பதினைந்து டிகிரி காற்றுப் பக்கம் திருப்புங்கள். பாய் நிரம்பி அமைதியானால் நோய் தெரிந்துவிட்டது. போகவேண்டிய ஊர் நேர் முன்னாலேயே இருந்தால் இரண்டு வழி. டேக் கயிற்றை ஒன்றிரண்டு அடி விட்டுக்கொடுத்தால் முன் விளிம்பு தளர்ந்து, பாயின் தோள் காற்றுப் பக்கம் சுழன்று நிழலை விட்டு வெளியே வரும். அது போதாவிட்டால் மெயின் பாயை இறக்கிவிடலாம். நெடும்பயணத்தில் நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். மெயின் பாயின் அடிக்கழியான பூம் திடீரென்று மறுபக்கம் பாயும் அபாயமும் அதோடு போய்விடும். ஒன்றை மறக்கக் கூடாது. மெயின் பாய் இல்லையென்றால், ஸ்பின்னக்கரை இறக்கும்போது ஒதுங்க நிழலும் இருக்காது. மேலிருந்து இறக்கிப் பாயை மூடும் நல்ல உறை இருக்கும் பாய்க்கும், காற்று மிதமாக இருக்கும் நேரத்துக்கும் மட்டுமே இது.

கோணம் 120, 130 என்று இருந்தும் சுருங்கினால் ஷீட்டைப் பாருங்கள், அதாவது பின்மூலையைக் கட்டுப்படுத்தும் கயிற்றை. சரியான ஷீட் நிலையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். முன் விளிம்பின் தோள் பகுதி உள்பக்கம் ஒரு சாண் அளவு மடியத் தொடங்கும். அங்கே நிறுத்தி, மடிப்பு நேராகும் வரை மட்டும் உள்ளே இழுங்கள். மடிந்து நிமிர்ந்து மடிந்து நிமிர்ந்து கொண்டே இருக்கும் விளிம்புதான் ஆரோக்கியமான விளிம்பு. மடிப்பே தெரியாமல் விறைப்பாக நிற்கிறதா, அதிகமாக இழுத்து வைத்திருக்கிறீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், வேகம் இருக்காது, படகு பக்கவாட்டில் சாயும்.

அறிகுறி: சிமெட்ரிக் பாய் ஒரே இடத்தில் மடிகிறது

மடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதே விடை. மேல்பாதியில் முதலில் மடிந்தால் போல் தாழ்வாக இருக்கிறது, உயர்த்துங்கள். கீழ்ப்பாதியில் முதலில் மடிந்தால் போல் உயரமாக இருக்கிறது, தாழ்த்துங்கள். இரண்டு கீழ்மூலைகளும் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். முன்பின் நிலைக்கு, உணரும் காற்றுக்குச் செங்குத்தாகப் போல் நிற்கட்டும்.

அறிகுறி: வேகம் வரவில்லை

'நேராகப் போகிறேன், மற்ற படகுகள் கோணலாகப் போய் என்னை முந்துகின்றன.' நேர் பின்காற்றிலிருந்து 30 டிகிரி விலகி, பாதி வழியில் ஜைப் செய்து, அதாவது படகின் பின்புறத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, மறுபக்கம் வந்தால் தூரம் சுமார் 15 சதவீதம் கூடும். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். 40 டிகிரி என்றால் 30 சதவீதம். நேராக 5 நாட் போகும் படகு, 30 டிகிரி விலகும்போது 5.8 நாட்டாவது போனால்தான் கோணல் வழி லாபம்.

8, 10 நாட் காற்றில் அசிமெட்ரிக்கோடு இது சுலபமாகக் கிடைக்கும். ஆனால் 20 நாட் காற்றில் கிடைக்காது. நீர்வரி நீளம் 35 அடி உள்ள சாதாரணப் பயணப் படகின் அடிக்கட்டு வேகம், அதாவது அதன் வேக எல்லை, 8 நாட்டுக்குச் சற்றுக் கீழே. அந்த எல்லையை நெருங்கிவிட்ட படகில் எவ்வளவு துணி ஏற்றினாலும், எந்தப் பக்கம் திருப்பினாலும் வேகம் பெரிதாகக் கூடாது, பதற்றம்தான் கூடும். அங்கே போலில் விரித்த ஜெனோவாவோடு நேராகப் போவதே புத்திசாலித்தனம். மெல்லிய காற்றுக்கு அசிமெட்ரிக், பலத்த காற்றுக்குப் போல் என்று இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு முழுமையான தொகுப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வியாபாரக் காற்றுப் பயணத்துக்கு நான் முதலில் நல்ல போலுக்குத்தான் பணம் ஒதுக்கச் சொல்வேன்.

பந்தயப் படகுகளைப் பார்த்து இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய ஃபோர்ட்டி நைனர் படகு தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் வகை, அதன் அசிமெட்ரிக் மட்டும் 38 சதுர மீட்டர். அதை நேர் பின்காற்றில் யாரும் ஓட்டுவதில்லை. கோணலாகப் போகப் போக வேகம் ஏறிக்கொண்டே போகும் படகு அது. பத்து டன் பயணப் படகு அப்படி அல்ல.

அறிகுறி: படகு இடமும் வலமுமாக உருளுகிறது, ஒவ்வொரு முறையும் அதிகமாக

சிமெட்ரிக் ஸ்பின்னக்கரோடு நேர் பின்காற்றில், பின்னாலிருந்து அலை தூக்கும்போது வருவது. பாயின் மேல்பகுதி ஊசலாடி, பாய்மரத்தையும் படகையும் கூடவே இழுக்கிறது. ஷீட்டை ஒன்றிரண்டு அடி உள்ளே இழுங்கள். போலைச் சற்று முன்னால் விடுங்கள். ஷீட் படகின் பின்மூலையிலிருந்து போகிறதென்றால், நடுப்பக்கத்தில் ஒரு கப்பி போட்டு அதைக் கீழே அமுக்குங்கள். பாயின் பின்மூலை இறங்கினால் ஊசல் பாதியாகும். சுக்கான் பிடித்திருப்பவர் படகு உருளும் பக்கமே சிறிது திருப்ப வேண்டும், பாய்மர உச்சிக்கு அடியில் படகைக் கொண்டுபோய் நிறுத்துவதுபோல. அப்புறம் கோணத்தை 165, 170க்குக் கொண்டுவாருங்கள். நேர் 180இல் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அறிகுறி: சுக்கான் கனக்கிறது, படகு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டு சாய்கிறது

ப்ரோச் வருகிறது. முன்னெச்சரிக்கை சுக்கானில்தான் கிடைக்கும். சக்கரத்தை இன்னும் இன்னும் திருப்ப வேண்டியிருக்கிறதா, கை தளர்த்தவே முடியவில்லையா, அப்போதே செயல்படுங்கள். படகு மிகவும் சாய்ந்துவிட்டால் சுக்கான் பலகையின் மேல்பகுதி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். அதன்பின் என்ன திருப்பினாலும் பிடிக்காது.

வரிசை இது: ஸ்பின்னக்கர் ஷீட்டைத் தாராளமாக விடுங்கள், பாய் சுருங்கிப் படபடக்கட்டும். மெயின் பாயின் பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், மேல்பகுதி காற்றைக் கொட்டிவிடும். படகு நிமிர்ந்ததும், முன்பு அல்ல, காற்றை விட்டு விலக்குங்கள். சுக்கானைக் கடைசிவரை திருப்பியே பிடித்திருந்தால் அது தண்ணீரை வெறுமனே தள்ளும். ஒரு கணம் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்பினால் பிடிக்கும். ஸ்பின்னக்கர் ஏற்றியிருக்கும்போது ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், விஞ்ச் என்ற கயிறிழுக்கும் உருளையில் சுற்றிய ஷீட் ஒரே அசைப்பில் கழலும்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான்.

ஒரே மணி நேரத்தில் இது இரண்டாம் முறை வந்தால் கயிறுகளை விட்டுவிட்டுப் பாயை இறக்குங்கள். இருட்டுவதற்கு முன்பே இறக்கிவிடுவது இன்னும் நல்லது. இரண்டு பேர் ஓட்டும் படகில், ஒருவர் தூங்கும் இரவில், ஸ்பின்னக்கர் இருக்க வேண்டிய இடம் பைதான்.

அறிகுறி: பாய் உடுக்கை போல நடுவில் இறுகிவிட்டது, அல்லது ஃபோர்ஸ்டேயைச் சுற்றிக்கொண்டது

இரண்டும் வேறு வேறு. பாய் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு மேலும் கீழும் உப்பி நடுவில் இறுகியிருந்தால், ஏற்றும்போதே முறுக்கு இருந்திருக்கிறது. பின்காற்றுக்கு இறங்கி, ஷீட்டைக் கீழ்நோக்கி இழுங்கள். ஹேலியார்டை ஓரிரு அடி விட்டால் உச்சியிலுள்ள சுழலி சுற்ற இடம் கிடைக்கும், முறுக்கு மேல்நோக்கி அவிழும். பாயை விரித்துவிட்டால் காற்று தானே பிரித்துவிடும் என்று காற்றுப் பக்கம் திரும்பாதீர்கள், இன்னும் இறுகும்.

ஃபோர்ஸ்டேயை, அதாவது அணியத்திலிருந்து பாய்மரத்துக்குப் போகும் கம்பியைச் சுற்றிக்கொண்டால் நிலைமை கடினம். இழுக்கவே கூடாது. இழுக்க இழுக்க முடிச்சாகும், மெல்லிய நைலான் சூட்டில் உருகவும் செய்யும். மெயின் பாய்க்குப் பின்னால் சுழலும் காற்றுதான் பாயைச் சுற்றியது. ஆகவே மெயின் பாயை ஜைப் செய்து மறுபக்கம் கொண்டுபோனால் அந்தச் சுழற்சி எதிர்த்திசையாகும், சுற்றிய பாய் ஒவ்வொரு சுற்றாகத் தானே அவிழத் தொடங்கும். பொறுமை வேண்டும். அவிழ்ந்து முடியும்வரை அந்தப் பக்கமே ஓட்டுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. பாயைப் பைக்குள் வைக்கும்முன் ஒரு விளிம்பைப் பிடித்து, தலையிலிருந்து கீழ்மூலை வரை கை மாற்றிக் கை பிடித்து வருடிக்கொண்டே வாருங்கள். சிமெட்ரிக் பாயில் ஒரு விளிம்பு சிவப்பும் மற்றது பச்சையுமாக இருப்பது இதற்காகத்தான். நடுவில் விரலுக்கடியில் ஒரு திருகல் தட்டுப்பட்டால் அங்கேயே எடுத்துவிடுங்கள். இரண்டு விளிம்பையும் இப்படிப் பார்த்து, மூன்று மூலைகளும் பையின் வாயில் தெரியும்படி வைத்தால் போதும். ஏற்றும்போது மெயின் பாயின் நிழலில் ஏற்றுங்கள். பாய் உச்சியை அடையும்வரை ஷீட்டை இழுக்காதீர்கள்.

அறிகுறி: ஜைப் செய்யும்போது அசிமெட்ரிக் பாய் சிக்குகிறது

படகு வேகமாகத் திரும்பிவிடுகிறது, பாய் பின்தங்கிவிடுகிறது. திரும்பத் தொடங்கும் முன்பே பழைய ஷீட்டைத் தாராளமாக விடுங்கள், பின்மூலை மிதந்து அணியத்துக்கு முன்னால் போகட்டும். அதன் பிறகே சுக்கான். பிறகு புதிய ஷீட்டைத் தயங்காமல் இழுக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் உறையை இறக்கிப் பாயை மூடி, ஜைப் செய்து, மறுபடி திறப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

அறிகுறி: உறை இறங்கவில்லை, பாய் இறங்க மறுக்கிறது

நிரம்பிய பாயின் மேல் உறை இறங்காது. ஷீட்டை முழுதும் விட்டு, படகை 170க்குக் கொண்டுபோய், மெயின் பாயின் நிழலில் பாய் தொய்ந்த பிறகு இழுங்கள். அப்போதும் சிக்கினால் உறைக்குள் ஓடும் கயிறு பாய்த்துணியோடு முறுக்கியிருக்கும். டேக்கை அவிழ்த்துவிட்டால் பாய் கொடிபோல் காற்று போகும் பக்கம் பறக்கும், அதில் வலு இருக்காது. ஷீட்டைப் பிடித்துப் பூமுக்கு அடியில் உள்ளே சேகரித்துக்கொண்டே ஹேலியார்டை மெதுவாக விடுங்கள். சேகரிப்பவரின் கையை மிஞ்சி ஹேலியார்ட் ஓடினால் பாய் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீர் நிறைந்த ஸ்பின்னக்கரை 6 நாட் வேகத்தில் இழுத்துப் படகில் சேர்க்க யாராலும் முடியாது.

அறிகுறி: கோட் ஜீரோ கீழே சுருண்டுவிட்டது, மேலே விரிந்தே இருக்கிறது

ஹேலியார்ட் இறுக்கம் போதவில்லை. அந்தப் பாயின் முன் விளிம்புக்குள் இருக்கும் கயிறு முறுக்கைக் கீழிருந்து உச்சிவரை கொண்டுபோக வேண்டும். தொய்ந்திருந்தால் முறுக்கு நடுவழியில் நின்றுவிடும். சுருட்டும் முன் காற்றை விட்டு விலகி, ஹேலியார்டை விஞ்சில் நன்றாக இறுக்கி, ஷீட்டில் சிறிது பிடிமானம் வைத்துக்கொண்டு சுருட்டுங்கள். ஏற்றியபடியே வைத்திருந்தால் காற்று ஏறும்போது உச்சியில் ஒரு சிறு பை தானாக விரியும், அது சில நிமிடங்களில் முழுப் பாயையும் அவிழ்த்துவிடும். சுருட்டியதும் இறக்கி உள்ளே வைத்துவிடுங்கள். பின்காற்றில் ஓட்ட இதை எடுக்காதீர்கள். தட்டையான பாய், 140ஐத் தாண்டினால் சும்மா படபடக்கும்.

அறிகுறி: போலில் விரித்த ஜெனோவா சரிந்து சரிந்து அறைகிறது

இரண்டு காரணம் உண்டு. போல் பாயின் ஷீட்டில் மட்டும் தொங்கினால் பாயோடு சேர்ந்து அதுவும் ஆடும். மேலே தூக்க ஒன்று, முன்னால் இழுக்க ஒன்று, பின்னால் இழுக்க ஒன்று என்று மூன்று கயிறுகளால் அதைத் தனியாக அசையாமல் நிறுத்துங்கள். ஷீட் அதன் நுனி வழியாகப் போகட்டும். அப்போது புயல்மழை மேகம் வந்தால் போலை அப்படியே விட்டுவிட்டுப் பாயை மட்டும் சுருட்டலாம். இந்த ஏற்பாட்டின் பெரிய வசதியே இதுதான்.

அடுத்தது நீளம். ஸ்பின்னக்கர் போல் பொதுவாகப் பாய்மரத்திலிருந்து ஃபோர்ஸ்டேயின் அடிவரை உள்ள தூரம்தான் இருக்கும், பெரிய ஜெனோவாவின் அடிவிளிம்போ அதைவிட நீளம். அடிவிளிம்பு விறைப்பாகும்வரை பாயைக் கொஞ்சம் சுருட்டுங்கள். மெயின் பாய்ப் பக்கம், பூம் நுனியிலிருந்து அணியம் வரை ஒரு தடுப்புக் கயிறு கட்டாயம் வேண்டும். எதிர்பாராத ஜைப்பில் குறுக்கே வரும் பூம் ஆளைக் கொல்லும்.

அறிகுறி: ஹேலியார்ட் உச்சியில் பஞ்சாகிறது

கயிறு கப்பியில் ஒரே இடத்தில் நாள்கணக்கில் உரசுகிறது. தினமும் ஒரு முறை ஒரு சாண் விடுங்கள் அல்லது இழுங்கள், உரசும் இடம் மாறட்டும். நெடும்பயணம் என்றால் அந்தப் பகுதிக்கு மேல் இன்னொரு உறை தைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: சின்னக் கிழிசல்

இறக்கிவிடுங்கள். உடனே ஒட்டாதீர்கள். உப்புப் படிந்த நைலானில் ஸ்பின்னக்கர் டேப் பிடிக்காது. கிழிசலைச் சுற்றி நல்ல தண்ணீரால் துடைத்து, முழுதும் காயவிட்டு, தட்டையான பலகையின் மேல் விரித்து, விளிம்புகளைச் சேர்த்து இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. கிழிசல் ஓரத்துத் தையலையோ மூலையையோ தொட்டிருந்தால் டேப் தாங்காது. ஊசி நூலால் தைத்து, அதற்கு மேல் ஒட்டி, 10 நாட்டுக்குக் குறைந்த காற்றில் மட்டும் ஏற்றுங்கள்.